பேச்சுத்துணைக்கு ஓர் ஆள்

பெற்ற தாய் தந்தையரைப் பிள்ளைகள் கைவிடலாகாது என்பதை நம் நாடு 2007-ஆம் ஆண்டில் சட்டமாகவே எழுதி வைத்தது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் எனப்படும் அதன்படி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத முதியவர் ஒருவர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய் வரையில் ஜீவனாம்சம் கொடுக்கும்படி மகனுக்கோ மகளுக்கோ உத்தரவிடலாம். கைவிட்டுப் போனவர்களுக்கு மூன்று மாதச் சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ‘முழங்கால் வலி இன்றைக்கு எப்படி?’ என்று கேட்கும்படி எவரையும் எந்தத் தீர்ப்பாயமும் பணிக்க இயலாது. இதைச் சட்டத்தின் குறையென்று சொல்வதற்கில்லை. உத்தரவுக்கு அஞ்சி வந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கும் மகனுடைய சகவாசம் எந்தத் தாய்க்கும் வேண்டியிராது. யோசிக்க வேண்டிய கேள்வி வேறு. மகன் வராத, அல்லது வர இயலாத இடத்தில், உற்றாரோ உறவினரோ அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் வந்து உட்காரலாமா, உட்கார்ந்தால் அந்தக் கணத்திலிருந்து அவருக்கு என்ன கடமை உண்டாகிறது என்பதே அது.

புதுச்சேரியில் இந்தக் கேள்வி ஒரு விசேஷத் தெளிவோடு எழுகிறது. பிற ஊர்களில் முதியோர் இல்லம் என்றவுடன் வறுமையும் கூடவே நினைவுக்கு வந்து, பசியின் துயரம் எது, தனிமையின் துயரம் எது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் கலந்துவிடுகின்றன. இங்கோ, 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி அது சட்டப்படி உறுதியானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அவகாசம் அளிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் அவ்வாறே வைத்துக்கொண்டனர். சைகோனிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் ஊழியம் செய்து திரும்பிய சொல்தாக்கள் எனப்படும் சிப்பாய்களுக்கும், அவர்களுக்குப் பின் அவர்களுடைய விதவைகளுக்கும் பிரான்சிலிருந்தே பென்ஷன் வந்தது. பிள்ளைகள் பாரிசுக்கும் அதன் சுற்றுப்புறங்களுக்கும் குடிபெயர்ந்தனர். ஆகவே, மாதம் தவறாமல் பணம் வருகிற வீடுகளிலும், அதைக் கட்டணமாகச் செலுத்தித் தங்குகிற இல்லங்களிலும், சோற்றுக்கும் மருந்துக்கும் குறைவின்றிப் பேச்சுக்கு மாத்திரம் ஆளின்றிக் காலங்கழிக்கும் மூத்தவர்களை இவ்வூர் நெடுங்காலமாக அறியும். ஓய்வூதியம் பெறுகிறவர் தாம் உயிரோடிருப்பதற்கு ஆண்டுதோறும் சான்று தர வேண்டும் என்பது பிரெஞ்சு அரசுக்கும் நம் அரசுக்கும் பொதுவான விதி. சான்று வாங்கப் போகும் அந்த ஒரு நாளைக்கென்று சலவைச் சட்டை உடுத்து, வரிசையில் நிற்கும் பழைய சிநேகிதர்களோடு இரண்டு வார்த்தை பேசலாமென்று முன்னதாகவே போய் நிற்பவர்கள் உண்டென்றால் அதில் வியப்பில்லை.

முன்பெல்லாம் பேச்சுத்துணைக்காக யாரும் தனியே முயன்றதில்லை. வைசியாள் வீதியில் புதுப்பித்துக் காக்கப்பட்டிருக்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு, தெருவை நோக்கிய தாழ்வாரமும் அதன் உட்புறத்துத் திண்ணையும் எதற்காகக் கட்டப்பட்டன என்பதை விளக்க வேண்டியதில்லை. வயதானவர் காலையில் திண்ணையில் வந்து சாய்ந்துகொண்டால், தயிர்க்காரி நின்று விலை சொல்வாள். தபால்காரர் வேறு வீட்டுக் கடிதத்தைப் பற்றி விசாரிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனை முதியவர் அதட்டுவார். இவர்களில் எவரும் அந்த முதியவருக்குத் துணையளிக்கும் நோக்கத்தோடு வந்தவரல்லர்; அவரும் தாம் ஒரு தர்மத்தைப் பெற்றுக்கொண்டதாக நினைத்ததில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் பல இன்று தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறிவிட, வீட்டுக்காரர் லாஸ்பேட்டையில் இரண்டாம் மாடிக்கோ, ஊரைத் தாண்டி இரும்புக் கதவு போட்ட இல்லத்துக்கோ போய்விட்டார். திண்ணை இலவசமாகச் செய்துவந்த காரியத்தை இப்போது மனிதர்கள் வேண்டுமென்றே, நாள் குறித்து, பஸ் ஏறிப் போய்ச் செய்ய வேண்டியிருக்கிறது. வேண்டுமென்றே செய்யப்படும் எந்த உபகாரத்திலும், கொடுப்பவர் கை மேலும் வாங்குபவர் கை கீழுமாகிவிடும் அபாயம் உண்டு.

அந்த அபாயம் பிரத்தியட்சமாகத் தெரியுமிடம் பிறந்தநாள் சாப்பாடு. குழந்தையின் முதற்பிறந்தநாள், தகப்பனாரின் திதி, திருமண நாள் என்று ஏதேனும் ஒன்றை முன்னிட்டு, இல்லத்து அலுவலகத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான தொகையைக் கட்டிவிட்டுக் குடும்பத்தோடு வந்து தம் கையாலேயே பரிமாறுவது இங்கே பரவலான வழக்கம். பதினொரு மணிக்கே கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு எல்லோரையும் உட்கார வைத்துவிடுகிறார்கள். வருகிறவர்கள் பன்னிரண்டரைக்கு வருகிறார்கள். இலையில் கேசரி விழுகிறது. சர்க்கரை வியாதிக்காரருக்கு வைக்காதீர்கள் என்று ஆயா ஓடிவந்து தடுக்க, ‘இன்னிக்கு ஒரு நாள்தானே’ என்று பரிமாறுகிற அம்மாள் இன்னும் ஒரு கரண்டி வைக்கிறாள். பிறகு குழந்தையை ஒவ்வொருவர் முன்பும் நிறுத்தி ஆசீர்வாதம் வாங்கி, படம் பிடித்துக்கொண்டு, இரண்டு மணிக்குள் கார் புறப்பட்டுவிடுகிறது. இதைப் பரிகசிப்பது எளிது. பரிகசிப்பது நியாயமுமன்று, ஏனெனில் அன்னதானத்தைப் பழிப்பதற்கு நம்மிடம் என்ன யோக்கியதை இருக்கிறது? ஆயினும் அங்கே நடந்தது அந்தக் குழந்தையின் நன்மையை உத்தேசித்த ஒரு சடங்கு என்பதையும், முதியவர்கள் அந்தச் சடங்குக்கு வேண்டிய சாமக்கிரியைகளில் ஒன்றாக இருந்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சாப்பிட்டவர்களில் ஒருவருடைய பெயரையாவது கேட்டறிந்து போயிருந்தால் கணக்கே வேறாகியிருக்கும்.

சாப்பாடு கொடுப்பதையே வேறு விதமாகச் செய்தவரும் உண்டு. பாரிசில் 1946-இல் ஆர்மான் மார்க்கிசே என்பவர், போருக்குப் பின் தனித்து விடப்பட்ட வயோதிகர்களின் அறைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். சாப்பாட்டோடு பூவும் கொண்டுபோக வேண்டும், ரொட்டியைவிடப் பூவே முந்தியது என்பது அவருடைய சித்தாந்தம். பட்டினி கிடப்பவரிடம் பூவை நீட்டுவது கொடுமையாகாதா என்று கேட்கலாம். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பூக் கொடுக்கவில்லை. தேவையை நிறைவேற்றுவதற்கு ஒரு நிர்வாகம் போதும்; ஒருவரை விருந்தாளியாக நினைத்தாலொழியப் பூ வாங்கத் தோன்றாது.

இனி, இவ்விஷயத்தில் மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். அமெரிக்காவில் ரிச்சர்டு ஷுல்ஸ் என்னும் உளவியலாளர் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த சோதனையை 1976-இல் வெளியிட்டார். அங்கிருந்த 40 பேரை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் காண, அவர்களே குறித்த நேரத்தில், அவர்களே விரும்பிய அளவுக்குக் கல்லூரி மாணவர்கள் போனார்கள். இரண்டாம் பிரிவினருக்கு, இன்ன நாளில் வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டது. மூன்றாம் பிரிவினரிடம் சொல்லாமல் திடீரென்று போனார்கள். நான்காம் பிரிவினரிடம் யாரும் போகவில்லை. முதலிரு பிரிவினரின் உடல்நிலையும் உற்சாகமும் தெளிவாக மேம்பட்டன. திடீர் விருந்தாளியைப் பெற்றவர்களோ, யாருமே வராதவர்களைவிட மேலான நிலையில் இல்லை. வருகிறவரைவிட, வருவார் என்று காத்திருக்க முடிவதே மருந்தாயிற்று என்பது இதிலிருந்து தெரிகிறது. ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல முடிவதும் சிறிய விஷயமன்று. இல்லத்தில் வாழ்பவர் எழும் நேரமும் உண்ணும் நேரமும் விளக்கணைக்கும் நேரமும் பிறரால் விதிக்கப்பட்டவை என்பதை நினைத்தால், ஒரு விருந்தாளியை மறுக்கும் சுதந்திரம் எவ்வளவு பெரிது என்று விளங்கும். மறுக்கப்பட்டபோது முகம் சுளிக்கிறவர் துணையாக வந்தவரல்லர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எல்லோருக்கும் சௌகரியம். 1978-இல் ஷுல்சும் ஹனுசா என்ற மற்றோர் ஆய்வாளரும், அந்த முதியவர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று விசாரித்து வெளியிட்டார்கள். சோதனை முடிந்து மாணவர்கள் வருவது நின்றபின், முன்பு நன்மையடைந்த அதே இரு பிரிவினர்தாம் நலிந்து போயிருந்தனர். மற்றவர்கள் இருந்தபடியே இருந்தனர். 40 பேரை வைத்துச் செய்த சிறு சோதனையை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும், நாட்டு நலப்பணித் திட்டத்தின் பேரில் ஜூலையில் வந்து, ‘தாத்தா, தாத்தா’ என்று பழகி, ஏப்ரலில் சான்றிதழோடு மறைந்துபோகும் மாணவர்களையும், ஒரு வாரம் உருகிவிட்டு மறுவாரம் வேறொரு சேவைக்குத் தாவும் நல்ல மனசுக்காரர்களையும் நினைக்கும்போது, இந்தச் செய்தி உறுத்தாமல் இருப்பதில்லை. அப்படியானால் தொடங்காமலே இருப்பது மேலல்லவா?

மேலன்று என்பதே இக்கட்டுரையின் தீர்மானம். ஏனெனில், பிரிவுக்கு அஞ்சித் தொடங்காமலிருப்பது நியாயமென்றால் எழுபதுக்கு மேற்பட்ட எவரோடும் யாரும் பழகவே கூடாது. ஆனால் தொடக்கம் ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது என்பதை வாய்விட்டு ஒன்றும் சொல்லாதவரும் உணர வேண்டும். எத்தனை மாதத்துக்கு வர முடியும் என்பதை முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிடுவதும், வர முடியாத வாரத்தில் இல்லத்துக்கு ஒரு போன் செய்து தகவல் சேர்ப்பதும், போகிற மாணவன் தனக்குப் பின் வருபவனைக் கூட்டிவந்து அறிமுகம் செய்துவிட்டுப் போவதும் மிகச் சாதாரண மரியாதைகள். ஆயினும் பெரிய பெரிய சேவைத் திட்டங்களில் விட்டுப்போகிறவை இவைதாம். மாதமிருமுறை அரைமணி நேரம் என்று ஒப்புக்கொண்டு பத்தாண்டு நிறைவேற்றுபவர், தினந்தோறும் வருகிறேன் என்று சொல்லிப் பத்து நாளில் களைப்பவரைவிட உயர்ந்தவர்.

கூலிக்குத் துணையிருப்பது துணையாகுமா என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. ரத்தன் டாடாவின் முதலீட்டோடு 2022-இல் மும்பையில் ‘குட்பெல்லோஸ்’ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, பட்டதாரி இளைஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி முதியவர்களின் வீடுகளுக்கு அனுப்பியபோது, அன்பையும் கடைச்சரக்காக்கிவிட்டார்களே என்ற வருத்தம் எழுவது இயல்பே. நெதர்லாந்தில் தேவெந்தர் என்ற ஊரிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றில், மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டைவீட்டாராக நடந்துகொள்வதாக ஒப்புக்கொள்ளும் மாணவர்களுக்கு வாடகையின்றி அறை கொடுக்கிறார்கள். அதுவும் ஒருவகைக் கூலியே. ஆனால், நமது இல்லங்களில் எந்த முதியவருக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் மூச்சு வாங்கும், யாருக்கு மகளின் பெயரைச் சொல்லக்கூடாது என்பதையெல்லாம் அறிந்திருப்பவள், சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்யும் அந்த ஆயாதான் என்பதை மறந்துவிட்டுக் கூலியைப் பழிக்கலாகாது. அவளுடைய குறை அன்பின்மையன்று, நேரமின்மை. சேவை செய்ய வருகிறவர் அவள் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வெளியார் வந்து துணையிருந்தால் பிள்ளைகளின் பொறுப்புத் தட்டிக்கழிந்துவிடாதா என்பது மற்றொரு ஆட்சேபம். பிரான்சில் 2003 ஆகஸ்டு வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர், பெரும்பாலும் வயோதிகர், மாண்டனர்; பாரிசில் யாரும் வந்து கேட்காத 57 பேரின் உடல்களைச் செப்டம்பர் 3-ஆம் தேதி தியே இடுகாட்டில் அடக்கம் செய்தபோது, குடியரசுத் தலைவர் சிராக்கே நேரில் வந்து நின்றார். பிள்ளைகளின் மனசாட்சி விழிக்கும்வரை பொறுத்திருப்போம் என்று ஒரு சமூகம் இருந்துவிட்டால் இதுதான் நேரும். மகனுக்குப் புத்தி வர வேண்டுமென்பதற்காகத் தாயின் சாயங்காலத்தைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமையில்லை. அன்றியும், விடுமுறையும் பயணச்சீட்டும் ஒத்துவந்தால்தான் வர முடிகிறவனை, வராத பாவி என்று தூரத்திலிருந்து தீர்ப்பளிப்பது வந்து உட்காருகிறவரின் வேலையுமன்று.

புதுச்சேரியில் பிறந்த பாரதிதாசன் தம் ‘குடும்ப விளக்கி’ன் ஐந்தாம் பகுதிக்கு ‘முதியோர் காதல்’ என்று பெயரிட்டு, தளர்ந்த இருவர் ஒருவர்க்கொருவர் உளராயிருப்பதையே இன்பமாகப் பாடினார். அந்த இருவரில் ஒருவர் போனபின் மிஞ்சுகிறவரின் நிலையைத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டில், கோலூன்றி இருமும் கிழவர், தாம் சிறுவயதில் மரக்கிளையிலிருந்து மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளிவந்ததை நினைத்து இரங்குகிறார். அவர் இழந்தது இளமையை மாத்திரமன்று. அதைக் கரையில் நின்று கண்டு வியந்தவர்களையும் இழந்தார். சைகோன் கதையை நூறாவது முறை சொல்லும் சொல்தாவுக்கு வேண்டியதும் கரையில் ஓர் ஆள்தான். அந்தக் கதைக்கு நடுவே, பாட்டன் காலத்துப் பிரெஞ்சுப் பத்திரமொன்றை எடுத்துக் காட்டி, ‘இதில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் படித்துச் சொல்லுங்களேன்’ என்று ஓர் இளைஞன் கேட்பானாகில், யார் யாருக்கு உபகாரம் செய்கிறார் என்ற வழக்கு அங்கே எழவே எழாது.

நினைவு தப்பியவர்கள் விஷயம் மாத்திரம் தனியே நிற்கிறது. நேற்று வந்ததை இன்று மறந்துவிடுகிறவரிடம் போய் என்ன பிரயோஜனம் என்பதற்கு விடை சுலபம். அனுபவித்த ஒரு மணி நேரத்து நிம்மதி, மறந்துபோனதால் இல்லாமற் போய்விடாது. ஒரு மூதாட்டி, வந்தவரைத் தன் மகனென்றே நினைத்து, ‘எப்போடா பாரிசிலிருந்து வந்தே?’ என்று அவர் கையைப் பற்றிக்கொள்ளும்போதுதான் சங்கடம். ஆமென்பது பொய், நான் உங்கள் மகனில்லை என்பது, ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு பிள்ளையைப் பறிப்பது. வேடம் போட்டுப் பொய்ப்பிள்ளையாக நடிப்பதும் வேண்டாம், சத்தியத்தின் பேரால் கையை உதறுவதும் வேண்டாம். ‘அவர் சின்ன வயசில் எப்படியம்மா இருப்பார்?’ என்று மகனைப் பற்றியே கேட்டால் அவள் சொல்லத் தொடங்கிவிடுவாள். சில வேளை அதற்கும் மசியாமல், நீ யார் என்று நேருக்கு நேராகக் கேட்டு நிற்பாள். அப்போது உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டு எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கவும் வேண்டும்.