கற்றுக்கொடுத்தவர் கேட்கட்டும்

சில மாதங்களுக்கு முன் மாணவர் கூட்டம் ஒன்றில் தோழர் ஒருவர் எழுந்து, 'தேர்வு என்பதே ஆதிக்கத்தின் ஆயுதம், எல்லாத் தேர்வையும் ஒழித்தாக வேண்டும்' என்றார். கைதட்டல். நானும் தட்டினேன். பின்வரிசையிலிருந்து நர்சிங் படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "அண்ணே, உங்க அப்பாவுக்கு மூச்சு நின்னுபோச்சு. பக்கத்துல நிக்கிற ஆளு பத்து வருசத்துக்கு முன்னால ஒரு தடவ கத்துக்கிட்டதோட சரி. அவர நம்பி விட்டுருவீங்களா?" கூட்டம் கப்பென்று ஆகிவிட்டது. தட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தவன், பல நாள் கழித்து ஒரு பதிலின் பாதியைக் கண்டது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து வரலாற்றில். கறுப்பின மக்களுக்கும் நமக்கும் உறவு புதிதல்ல. ஜோதிராவ் புலே 1873இல் தன் நூலை அடிமை ஒழிப்புக்குப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரையே அங்கிருந்துதான் எடுத்தார்கள். அவர்களின் கவிதையைப் படித்தோம், பாட்டைக் கேட்டோம். அவர்களின் ஆம்புலன்ஸைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லவில்லை.

1960களில் அமெரிக்க நகரங்களில் ஆம்புலன்ஸ் என்பது பெரும்பாலும் போலீஸ் வண்டி, இல்லாவிட்டால் சவ அடக்கம் செய்கிற கம்பெனியின் வண்டி. (பிழைத்தாலும் வாடகை, செத்தாலும் வாடகை.) பிட்ஸ்பர்க்கில் போலீஸ் வேன்தான். இரண்டு போலீஸ்காரர் வருவார்கள், ஆளைத் தூக்கிப் பின்னால் போடுவார்கள், இரண்டு பேருமே முன்னால் ஏறிக்கொள்வார்கள். பின்னால் கிடப்பவருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஆள் கிடையாது. கறுப்பு மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்டில் இதற்கு மேல் ஒரு கொடுமை. போலீஸைக் கூப்பிட்டால் வருவார்களா என்று தெரியாது, வந்தால் என்ன நடக்கும் என்றும் தெரியாது. 1950களில் அரங்கம் கட்டுகிறோம் என்று அந்தப் பகுதியின் ஒரு பாகத்தை இடித்து ஏறக்குறைய 8,000 பேரை விரட்டிய நகரம் அது.

1966 நவம்பரில் அந்த மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் மேடையில் பேசும்போது சரிந்து விழுந்தார். அவரையும் போலீஸ் வேனில்தான் கொண்டுபோனார்கள். நினைவு திரும்பாமலே சில நாளில் இறந்தார். பெரிய மனிதருக்கே இதுதான் கதி என்றதும் நகரம் கொஞ்சம் விழித்துக்கொண்டது. அதே ஆண்டில் தன் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்திருந்தார் பீட்டர் சாஃபர் என்ற மயக்கவியல் மருத்துவர். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினால் ஆளைப் பிழைக்க வைக்கலாம் என்று 1950களில் நிரூபித்தவர் அவர். அதில் இன்னொன்றையும் காட்டினார்: அதைச் செய்ய மருத்துவராக இருக்க வேண்டியதில்லை.

ஃபில் ஹாலன் என்ற அறக்கட்டளைத் தலைவரும், ஃப்ரீடம் ஹவுஸ் என்ற கறுப்பின அமைப்பும், சாஃபரும் 1967இல் சேர்ந்தார்கள். ஹில் டிஸ்ட்ரிக்ட் தெருக்களிலிருந்தே ஆள் எடுத்தார்கள். வேலையில்லாதவர்கள், வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள், பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள், சிறைக்குப் போய் வந்தவர்கள். 'இவனுங்களுக்கு வேலை கொடுத்தா யாரு உருப்படுவா' என்று ஊர் சொல்லுமே, அந்த ஆட்கள். அவர்களுக்குச் சுமார் 300 மணி நேரப் பயிற்சி. உடற்கூறு, மூச்சுப்பாதை, இதயம், பிரசவம், வண்டி ஓட்டுவது. அன்றைக்கு அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் ஊழியர் பலருக்கு முதலுதவி வகுப்புக்கு மேல் எதுவும் கிடையாது. 1968இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய 5,800 அழைப்புகள். அவசர மருத்துவத்தை மருத்துவர்களுக்கான தனித்துறையாக அமெரிக்கா ஏற்றதே 1979இல்தான். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே தெருவில் நின்று அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் இவர்கள்.

ஜான் மூன் என்பவர் அப்போது ஒரு மருத்துவமனையில் கடைநிலை ஊழியர். நோயாளியை அழைத்துப்போகச் சீருடையில் இரண்டு கறுப்பு இளைஞர்கள் நிமிர்ந்த நடையோடு வார்டுக்குள் வந்ததைப் பார்த்தார். இதைத்தான் நான் செய்ய வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்ததாகப் பின்னாளில் சொன்னார். 1970களின் தொடக்கத்தில் அவர்களோடு சேர்ந்தார்.

1974இல் நான்சி கரோலின் என்ற இளம் மருத்துவர் அவர்களின் மருத்துவ இயக்குநரானார். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். அந்தம்மா வந்து, 'பயிற்சி முடித்தவர்கள்தானே, போதும்' என்று சொல்லவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மூச்சுக்குழாயில் குழாய் இறக்குவது, இதயத்துடிப்பின் வரைபடத்தைப் படிப்பது, நரம்பில் மருந்து ஏற்றுவது. வண்டியில் கூடவே ஏறிப் போனார். வயர்லெஸ்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரியிலும் பதில் சொன்னார். போய்வந்த ஒவ்வொரு அழைப்பையும் உட்கார வைத்துப் பிரித்து மேய்ந்தார்: இதை ஏன் செய்தாய், அதை ஏன் செய்யவில்லை. கேள்விகள் கடுமையானவை, தவறினால் திட்டும் உண்டு. அதுவும் தேர்வுதான், தினமும் நடக்கிற தேர்வு. அந்த இளைஞர்கள் அதை ஆயுதம் என்று சொல்லவில்லை.

அடுத்த தேர்வு 1975இல் வந்தது. ஹில் டிஸ்ட்ரிக்டுக்குக் கிடைக்கும் வைத்தியம் எங்களுக்கு ஏன் இல்லை என்று வெள்ளையர் பகுதிகள் கேட்கத் தொடங்கியிருந்தன. நகராட்சி தனக்கென்று ஒரு சேவையை ஆரம்பித்து, அந்த அக்டோபரில் ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. ஊழியர்களை எடுத்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். எடுத்த பிறகு, ஒன்றாக வேலை செய்த குழுக்களைப் பிரித்தார்கள். அனுபவம் குறைந்த வெள்ளையர்களுக்குக் கீழே நிறுத்தினார்கள். பழைய சிறைக் கணக்கைத் தோண்டி எடுத்தார்கள். தேர்வு வைத்தார்கள். தங்களுக்குச் சொல்லித்தராத பாடத்திலிருந்து கேள்விகள் வந்தன என்று அவர்கள் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். ஓராண்டு முடிவதற்குள் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியே. நாடு முழுவதற்குமான பாராமெடிக் பாடத்திட்டத்தை எழுதும் பொறுப்பு கரோலினிடம் தரப்பட்டதும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான். யாருடைய தெரு அனுபவத்தில் அந்தப் பாடம் விளைந்ததோ அவர்களைப் பார்த்துத்தான், 'உனக்குப் பாடம் தெரியுமா' என்று கேட்டார்கள்.

ஆக, அதே ஆட்கள், அதே தொழில், இரண்டு தேர்வு. ஒன்று கற்றுக்கொடுத்தவர் வைத்தது. நீ தோற்றால் அவரும் தோற்றதாக அர்த்தம், மறுநாள் மறுபடி சொல்லித்தருவார். இன்னொன்று கழித்துக்கட்ட வைத்தது. நீ தோற்றால் வைத்தவருக்கு வேலை மிச்சம். முதலாவதில் கேள்வி நோயாளிக்காகக் கேட்கப்படுகிறது. இரண்டாவதில் நோயாளி ஒரு சாக்கு. இரண்டையும் ஒரே பெயரில் நாம் அழைக்கிறோம், எதிரிகளும் அப்படித்தான் அழைக்கிறார்கள். கூட்டத்தில் நான் கை தட்டியபோது செய்த பிழை அதுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கற்றுக்கொடுத்த சாஃபரும் கரோலினும் வெள்ளையர்கள். அவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்பு கையெழுத்துப் போட முடியாது. ஒப்பந்தமும் பணமும் நகராட்சியின் கையில் இருந்தன. நல்ல ஆசிரியர் கிடைப்பது வேறு, தேர்வு வைக்கிற நாற்காலியில் நம் ஆள் உட்கார்ந்திருப்பது வேறு. ஜான் மூன் எல்லாவற்றையும் தாங்கி அதே நகராட்சி சேவையில் துணைத் தலைவர் பதவி வரை போய் 2009இல் ஓய்வு பெற்றார். ஒருவர் தாங்கினார் என்பதால் மற்றவர்களைத் தள்ளியது சரியாகிவிடுமா?

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அவள் கேட்டதில் இருக்கும் உண்மை கறாரானது. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்று சாஃபர் வகுத்த வரிசையை ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்தது. 2010இல் அமெரிக்க இதய சங்கம் அதை மாற்றி, பெரியவர்களுக்கு முதலில் நெஞ்சை அழுத்து என்றது. பதினைந்து அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்று இருந்தது 2005இல் முப்பதுக்கு இரண்டு ஆனது. ரத்தம் பீறிட்டால் இறுக்கிக் கட்டுவது கடைசி வழி என்று பழைய பாடம் சொன்னது. இன்று கை கால் வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டினால் தயங்காமல் கட்டு என்கிறார்கள். பாடம் மாறாவிட்டாலும் கை மறந்துவிடுகிறது. நெஞ்சை அழுத்தும் பயிற்சி சில மாதங்களிலேயே தேயத் தொடங்குவதைப் பல ஆய்வுகள் காட்டிவிட்டன. அதனால்தான் அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டில் இருக்கும் பாராமெடிக், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 60 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு 'தகுதி திறமை' பேசுகிறவர்கள் ஞாபகம் வந்தது. மண்டல் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். தகுதி என்பது ஏதோ தாத்தா சொத்து மாதிரி, ரத்தத்தில் ஊறியது மாதிரி, ஒரு தடவை மார்க் வாங்கினால் ஆயுசுக்கும் வரும் என்கிற மாதிரி. அவசர சிகிச்சைக் கூடத்தில் போய்க் கேளுங்கள். தகுதி சில மாதத்தில் கெட்டுப்போகும் சரக்கு. யாரைத் திரும்பத் திரும்ப வகுப்புக்குள் விடுகிறார்களோ அவர்களிடம்தான் அது இருக்கும். வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் கையில் அழுகும்.

என் சித்தப்பா ஒரு அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் முப்பது வருடம் ஊழியராக இருந்தார். வேலை என்னவோ ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் ரத்தம் துடைப்பதும்தான். ஆனால் ராத்திரி நேரத்தில் கட்டுப் போட்டது, தையல் போட்டது எல்லாம் அவர் கைதான். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் அங்கே பயிற்சி வகுப்பு நடக்கும். நாற்காலி போட்டது அவர், டீ கொடுத்தது அவர். "நெஞ்ச அமுக்குற பொம்மையத் தூக்கிட்டு வந்ததே நாந்தான் தம்பி. முடிஞ்சதும் அதத் தொடச்சு வச்சதும் நாந்தான். ஒரு தடவ அமுக்கிப் பாருன்னு யாரும் சொல்லல." நானும் இதை வெறும் அவமானக் கதையாகத்தான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

பிட்ஸ்பர்க் கதையை அவரிடம் சொன்ன அன்று, அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மயங்கிக் கெடக்குறவனுக்கு வாயில தண்ணி ஊத்தக்கூடாதாம். நுரையீரலுக்குப் போயிருமாம். ஒரு நர்சம்மா சொல்லித்தான் தெரியும், அதுவும் நான் ரிட்டயராகுறதுக்கு முந்தின வருசம். அது வரைக்கும் நான் ஊத்திருக்கேன்ய்யா. பாவம் தாகமா இருக்கும்னு நெனச்சு ஊத்திருக்கேன்."

எத்தனை பேருக்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இந்தக் கணக்கு யார் பேரில் எழுதப்பட வேண்டும்? அவர் அன்பில் குற்றமில்லை. ஆனால் அன்பு போதாது என்று கொஞ்ச நேரத்துக்கு முன் நானே எழுதினேன். அவர் வேலை வாங்கப்பட்டது, அவர் கை பயன்படுத்தப்பட்டது, வகுப்பு மட்டும் மறுக்கப்பட்டது. பறிக்கப்பட்டது அவருடைய உரிமை மட்டும் என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். அந்த ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனிடமிருந்தும் ஏதோ பறிக்கப்பட்டது. ராத்திரி அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படுகிறவன் யார்? பெரும்பாலும் நம் தெரு ஆள்தான். ஆகவே, 'எங்களைக் கேள்வி கேட்காதே' என்பது நம் கோரிக்கையாக இருக்க முடியாது. 'கற்றுக்கொடு, பிறகு கேள், தவறினால் மறுபடி கற்றுக்கொடு' என்பதும், கேட்கிற நாற்காலியில் நமக்கும் இடம் வேண்டும் என்பதும்தான் கோரிக்கை. இதைக் கோஷமாகப் போட்டால் கைதட்டல் வராது, நீளம் அதிகம்.

அந்த நர்சிங் மாணவியைப் போன வாரம் வீட்டுக்கு அழைத்திருந்தேன். பொம்மைக்குப் பதில் தலையணையைத் தரையில் போட்டாள். சித்தப்பா முட்டி போட்டு உட்கார்ந்து, கையைக் கோத்து அழுத்தினார். நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாமல் எண்ணச் சொன்னாள். முப்பதில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஆழம் பத்தல தாத்தா. முழங்கைய மடக்காதீங்க. அமுக்குனதும் நெஞ்சு திரும்ப எந்திரிக்க விடணும். இன்னொரு தடவ."

"முட்டி வலிக்குதும்மா."

"நோயாளிக்கு அது தெரியாது தாத்தா."

சித்தப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.