நாம ஜெயிச்சுட்டோம்

ரசிகன் பேசுகிற வாக்கியங்களில் மிக எளியது ‘நாம ஜெயிச்சுட்டோம்’ என்பது. யோசித்துப் பார்த்தால் மிகவும் விளங்காததும் அதுதான். மட்டையைத் தொடாதவன், மைதானத்துக்குள் கால் வைக்காதவன், கம்பத்திலோ சின்னமனூரிலோ டீக்கடைத் தொலைக்காட்சியை அண்ணாந்து பார்த்தபடி நின்றவன் அதைச் சொல்கிறான். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் அவனுக்கு இல்லை. கேட்கிறவருக்கும் அப்படித் தோன்றுவதில்லை. தமிழில் இந்த வாக்கியத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. ‘நாங்கள்’ என்றால் எதிரில் நிற்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். ரசிகன் ‘நாங்க ஜெயிச்சுட்டோம்’ என்று சொல்வது அபூர்வம். ஆடிய பதினொருவரையும், தன்னையும், பக்கத்தில் டீ குடிப்பவரையும் ஒரே சொல்லில் அடக்கிக்கொள்கிறான்.

‘நான்’, ‘எனது’ என்னும் இரண்டையும் கட்டின் வேர் என்று சொல்லிவந்த மரபு தமிழுடையது. திருக்குறளின் துறவு அதிகாரம் அந்த இரண்டின் செருக்கை அறுப்பதைப் பற்றியே பேசுகிறது. சைவ சித்தாந்தம் அந்த முனைப்பை ஆணவம் என்று பெயரிட்டு மும்மலங்களில் முதலாவதாக வைக்கிறது. அப்படியானால் ‘நாம்’ என்பது என்ன? ‘நான்’ பருத்துப் பெரிதானதா, அல்லது கொஞ்சம் கரைந்துபோனதா? விளையாட்டுச் சார்பு பற்றிய தத்துவக் கேள்வி இதுதான்.

இதை ஆராயத் தேனி மாவட்டத்தில் நல்ல இடம் பெரியகுளம். அங்கே சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, கோடை விடுமுறையில், அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்திவருகிறது. மாலையில் மின்னொளியில் ஆட்டம். லோனாவாலாவிலிருந்து கடற்படை அணி, சென்னையிலிருந்து வங்கி அணிகள், கேரளத்திலிருந்து மின்வாரிய அணி என்று வந்து ஆடியவை பலவும் வெளியூர் அணிகள். பார்க்க வருபவர்களோ பெரியகுளத்துக்காரர்களும், தென்கரை, வடுகபட்டி, தேவதானப்பட்டி என்று சுற்றுவட்டாரத்தவரும். மாந்தோப்பில் காய் பறித்துவிட்டு வந்தவருக்கும் லோனாவாலாவுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் முதல் நாள் இரண்டாம் கால் பகுதி முடிவதற்குள் அவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். ஒரு ஆட்டக்காரர் தவறிய பந்தைத் துரத்திக்கொண்டு கோட்டுக்கு வெளியே விழுந்து எழுந்தது காரணமாக இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் மற்ற அணிக்குக் கைதட்டியதும் காரணமாக இருக்கலாம். மூன்றாம் நாள் அந்த அணி தோற்றால் வீட்டில் சாப்பாடு இறங்காது.

பிறந்த ஊர், சாதி, மொழி, கூலி என்று எந்தக் காரணமும் இல்லாமல் உண்டான இந்தப் பற்றை எளிதாக ஒதுக்க முடியாது. வேறெந்தப் பற்றிலும் ஏதோ ஒரு லாபக் கணக்கு கலந்திருக்கும். வீட்டின் மேல் பற்று வைத்தவனுக்கு வீடு நிழல் தருகிறது. கூடைப்பந்து அணி பெரியகுளத்துப் பார்வையாளருக்கு எதையும் தருவதில்லை. அவர் பெயர்கூட அதற்குத் தெரியாது. அவர் வெறுமனே கொடுக்கிறார். ஆணவம் எல்லாவற்றையும் தன்னை நோக்கி இழுப்பது என்றால், இந்தப் பற்று வெளியே போகிறது. அந்த அளவில் ‘நாம்’ என்பது ‘நானை’க் கரைக்கிற சொல் என்றே கொள்ள வேண்டும்.

கொடுப்பது யாருக்கு என்று கேட்டால் விஷயம் சிக்கலாகிறது. மிலிந்தனின் கேள்விகள் என்னும் பௌத்த நூலில் நாகசேனர் அரசனிடம் தேரைக் காட்டிக் கேட்கிறார்: ஏர்க்காலா தேர், அச்சா தேர், சக்கரமா தேர்? எதுவும் இல்லை, எல்லாம் கூடியபோது வழங்கும் பெயரே தேர். இந்தப் பாடம் கம்பம் பள்ளத்தாக்கில் எவருக்கும் புதிதாக இருக்காது. இரட்டை மாட்டு வண்டிப் பந்தயத்தில் தட்டான்சிட்டு, தேன்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று மாட்டின் தரம் பிரித்து ஓட்டுகிறார்கள். வண்டிக்கு ஒரு பேர் இருக்கும்; மாடு மாறும், சாரதி மாறுவார், சக்கரம் மாறும், பேர் மட்டும் நிற்கும். சாலையோரத்துக் கூட்டம் கூவுவது அந்தப் பேரைத்தான்.

ஐபிஎல் அணியும் அப்படியே. ஏலத்தில் ஆள் மாறுவார். நேற்று எதிரணியில் விக்கெட் எடுத்தவர் இன்று மஞ்சள் சட்டையில் நிற்பார். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் சென்னை சூப்பர் கிங்ஸ் இடைநீக்கத்தில் இருந்தது. தோனி புனே அணிக்கும் ரெய்னா குஜராத் அணிக்கும் போனார்கள். ஏர்க்காலும் இல்லை, அச்சும் இல்லை, சக்கரமும் இல்லை. பெயர் மட்டும் ரசிகர்களிடம் இருந்தது. 2018இல் அணி திரும்பியபோது, காவிரிப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட, ரசிகர்கள் ரயிலேறிப் புனேக்கே போனார்கள். நாகசேனர் சொன்னது சரி: அணி என்பது ஒரு வழக்குப் பெயர். ஆனால் பலர் சேர்ந்து விடாமல் சொல்லிவரும் பெயர் வெறும் பெயராக நின்றுவிடுவதில்லை. ஊர் என்பதும் அப்படி ஒரு பெயர்தான்.

பருவத்தின் தொடக்க வாரங்களில் இந்தப் பற்றின் பலவீனம் நன்றாகத் தெரியும். இரண்டு ஆட்டம் முடிவதற்குள் ‘இந்த வருசம் கப்பு நமக்குத்தான்’ என்றும், ‘மும்பை கதை முடிஞ்சுது’ என்றும் தீர்ப்பு வந்துவிடும். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி உண்மையறிவு போலத் தோன்றும் எட்டுப் போலிகளை வரிசைப்படுத்துகிறான். அவற்றில் ஒன்று தேராது தெளிதல். ஆராயாமல் முடிவுக்கு வந்துவிடுவது. ஏப்ரல் மாதத்து ரசிகனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

மும்பை இந்தியன்ஸ் 2013 முதல் 2025 வரை ஒவ்வொரு பருவத்திலும் முதல் ஆட்டத்தில் தோற்றது. அதே காலத்தில்தான் ஐந்து முறை கோப்பை வென்றது. 2015இல் முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்று, இறுதியில் சென்னையையே வீழ்த்தியது. சென்னை 2010இல் முதல் ஏழில் ஐந்தை இழந்து, இறுதியில் மும்பையை 22 ரன்னில் வென்றது. 2014இல் முதல் ஐந்தையும் வென்ற பஞ்சாப் இறுதிப் போட்டியில் தோற்றது. ஓர் அணி 162 ஆட்டம் ஆடும் அமெரிக்க பேஸ்பாலிலும் இதே கதை: 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் ஐம்பதில் 31ஐத் தோற்றுவிட்டு அந்த ஆண்டின் உலகத் தொடரைக் கைப்பற்றியது.

ஒன்றைக் கண்டு மற்றொன்றை ஊகிக்கும் கருதல் அளவைக்குத் தருக்க நூல்கள் தரும் பழைய எடுத்துக்காட்டு மலைமேல் புகை: புகை இருப்பதால் நெருப்பு உண்டு. சின்னமனூர்ப் பக்கம் விடியற்காலையில் நின்று மேகமலையைப் பார்ப்பவருக்கு இந்த எடுத்துக்காட்டின் அபாயம் உடனே தெரியும். முகட்டில் வெள்ளையாகப் படிந்து மெல்ல நகர்வது புகையா, மேகமா? மழைக்காலத்தில் பெரும்பாலும் மேகம்தான். வெயில் ஏறும்வரை காத்திருந்தால் தெரிந்துவிடும். முதல் இரண்டு வெற்றிகளும் அப்படித்தான். ரசிகன் காத்திருப்பதில்லை, அவனுக்கு நெருப்பு வேண்டியிருக்கிறது, அதனால் தெரிவது புகையாகிறது. ஆசைதான் அங்கே ஏதுவாக நிற்கிறது.

இதைவிடக் கவலைக்குரியது இன்னொன்று. தன் அணி தோற்றால் டாஸ், பனி, நடுவர், காயம் என்று சூழ்நிலையைக் காரணம் காட்டுகிறவன், எதிரணி தோற்றால் ‘அவங்க அப்படித்தான்’ என்று இயல்பைக் காரணம் காட்டுகிறான். வெற்றிக்கு இதே கணக்கு தலைகீழாகும். ஒரே நிகழ்வுக்கு இரண்டு தராசு. விளையாட்டில் இது சின்னப் பிழை போலத் தெரியும். பக்கத்து ஊரையும் பிற சாதியையும் பிற சமயத்தையும் மனிதர்கள் எடைபோடுவது இதே இரட்டைத் தராசில்தான். ‘நாம்’ என்ற சொல் இங்கே கெட்டுப்போகிறது. உள்ளே சேர்த்துக்கொள்ளும் சொல்லாக இருந்தது, வெளியே நிறுத்தும் சொல்லாகிவிடுகிறது. கான்ஸ்டான்டிநோபிளில் தேர்ப்பந்தயக் கட்சிகளான நீலமும் பச்சையும் எத்தனையோ ஆண்டு ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. 532இல் வெடித்த நிகா கலகத்தில் சுமார் முப்பதாயிரம் பேர் மாண்டதாக அக்கால வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதியிருக்கிறார். சட்டையின் நிறத்தில் தொடங்கிய சார்பு அங்கே போய் முடிந்தது.

சமயம் இதில் நேராக நுழைவது வேண்டுதலில். முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களும், பெரியகுளத்துப் போட்டியும், ஐபிஎல்லின் கடைசிக் கட்டமும் ஏறத்தாழ ஒரே பருவம். அக்கினிச்சட்டி எடுப்பவர்கள் பிள்ளைக்கும் விளைச்சலுக்கும் நோய் தீரவும் வேண்டிக்கொள்கிறார்கள். அணிக்காக வேண்டலாமா? எதிரணி ரசிகனும் அதே அம்மனிடம் வந்தால் அவள் யார் பக்கம்?

தமிழ்ச் சமயத்தில் இதற்கு இரண்டு விடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பழைய விடை கொற்றவையுடையது. அவள் ஒரு பக்கத்துக்கு வெற்றி தருபவள், பலி கொண்டு போருக்கு அனுப்புபவள். ஊர்க் காவல் தெய்வத்துக்கும் அந்தச் சாயல் உண்டு. அதற்கு எல்லை உண்டு, எல்லைக்குள் இருப்பவரைக் காக்கும். ‘நம்ம சாமி’ என்பதில் இருக்கும் ‘நம்ம’வும் ‘நம்ம டீம்’ என்பதில் இருக்கும் ‘நம்ம’வும் ஒன்றே. மற்ற விடை வள்ளுவருடையது, சைவருடையது. விருப்பு வெறுப்பு அற்றதே கடவுள். அது வினைக்கேற்ற பயனைச் சேர்க்கும். அதிகாலையில் எழுந்து நூறு முறை கூடையில் எறிந்து பழகியதும் வினைதான். அதை ஒரு தேங்காய் உடைத்து மாற்றச் சொல்வது முறையல்ல.

இரண்டாவது விடையே சரி. ஆனால் முதல் விடையை மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் அவசரம். எல்லைச்சாமியிடம் வேண்டுபவன் தன் ஆசையை மறைக்காமல் எடுத்துவைக்கிறான். அது நேர்மையான செயல். குற்றம் தொடங்குவது ‘அவன் தோற்கணும்’ என்று வேண்டும்போது. வீரபாண்டித் தலபுராணத்தில் பாண்டிய மன்னன் கேட்டது பகைவனின் அழிவை அல்ல. இழந்த கண்பார்வையைக் கேட்டான், பெற்றான்.

சார்பும் மரியாதையும் சேர்ந்திருக்க முடியும் என்பதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தென்மாவட்ட ஜல்லிக்கட்டில் வாடிவாசலிலிருந்து முதலில் வருவது கோயில் காளை. அதை எவரும் பிடிப்பதில்லை, ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அதன்பிறகுதான் போட்டி. அடுத்த மாடு வந்ததும் அதே கைகள் திமிலை நோக்கிப் பாய்கின்றன. போட்டிக்கு வெளியே இரு தரப்புக்கும் பொதுவான ஒன்று இருப்பதை அறிந்தவர்களின் பழக்கம் அது.

2025 மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் சென்னையும் மும்பையும் மோதிய முதல் ஆட்டத்தில் அந்தப் பழக்கம் இன்னொரு வடிவில் தெரிந்தது. மும்பைக்காக முதல் முறை களமிறங்கியவர் கேரளத்து இளைஞர் விக்னேஷ் புதூர். கெய்க்வாட், துபே, ஹூடா என்று சென்னையின் மூன்று விக்கெட்டுகளைச் சாய்த்து மஞ்சள் அரங்கத்தை அமைதியாக்கினார். சென்னை ஒருவழியாக 4 விக்கெட்டில் வென்றது. கை குலுக்கும் வேளையில் தோனி அந்த இளைஞரிடம் நின்று பேசி, தோளில் தட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்த சென்னை ரசிகனின் ‘நாம்’ அந்த நொடியில் ஓர் ஆளை அதிகமாகச் சேர்த்துக்கொண்டது. சார்பு குறைந்துவிடவில்லை; கண் தெளிந்தது. ரசிகனின் பற்றை எடைபோட இதுவே நம்பத்தக்க அளவுகோல்: எதிரணியின் நல்ல ஆட்டம் அவன் கண்ணில் படுகிறதா, இல்லையா. பட்டால் அந்த ‘நாம்’ நல்லது. படாவிட்டால் அது ஆணவத்தின் பன்மை.

அன்று இரவு ‘இந்த வருசம் நம்ம வருசம்’ என்று கொண்டாடிய சென்னை, அந்தப் பருவத்தைப் பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது.