சேவையின் வரவும் செலவும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சேவைச் சங்கங்களில் மாணவர்களைச் சேர்க்கும் பணி தொடங்குகிறது. சாரணர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், இன்டராக்ட் சங்கம், மேல்நிலை வகுப்புகளுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் எனப் பெயர்கள் பல. மரக்கன்று நடுதல், குளக்கரையைத் தூய்மை செய்தல், முதியோர் இல்லம் சென்று வருதல் என ஆண்டு முழுவதும் பணிகள் நடைபெறுகின்றன. ஆண்டு இறுதியில் அறிக்கை வாசிக்கப்படுகிறது, சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன.

சான்றிதழுக்காகச் செய்யப்படும் சேவை சேவையாகுமா என்ற கேள்வி அப்போது எழுகிறது. எளிதில் ஒதுக்கிவிடக் கூடிய கேள்வி அன்று இது.

கணக்கு என்பது இத்தகைய அமைப்புகளோடு பிறந்ததே. காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில், சுமார் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. 'எனக்காக அன்று, உனக்காக' என்பது அதன் குறிக்கோள். அதே திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும் என்ற விதியும் உண்டு. 1962-இல் அமெரிக்காவில் தோன்றிய இன்டராக்ட் சங்கங்களும் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு சேவைத் திட்டங்களை நிறைவேற்ற வேண்டும்.

இதில் குறை காண வேண்டியதில்லை. எழுத்துப் பழகும் குழந்தை முதலில் கோட்டின் மீதே எழுதுகிறது. கட்டாயத்தால் முதியோர் இல்லத்திற்குச் சென்ற மாணவன், மறுமுறை தானாகவே செல்லக்கூடும். கணக்கு வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பக்கம் மட்டுமே எழுதப்படுகிறது என்பதுதான் சிந்திக்க வேண்டியது.

திருநாராயணபுரம் தரும் பாடம்

மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ள மேல்கோட்டை, திருநாராயணபுரம் என்று வைணவர்கள் போற்றும் தலம். சோழநாட்டை விட்டு வந்த ஸ்ரீராமானுஜர் இங்கே 12 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு. செல்வப்பிள்ளை எனும் உற்சவ மூர்த்தியை அவர் தில்லியிலிருந்து எழுந்தருளச் செய்தபோது, வழியில் நேர்ந்த இடர்களிலிருந்து காத்தவர்கள் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டிருந்த மக்கள் என்றும் அம்மரபு கூறுகிறது. ராமானுஜர் அவர்களுக்குத் 'திருக்குலத்தார்' என்று பெயர் சூட்டினார். ஆண்டில் சில நாட்கள் ஆலயத்தினுள் சென்று வழிபடும் உரிமையையும் அளித்தார்.

எல்லா நாட்களிலும் எல்லோருக்கும் சம உரிமை தரும் இன்றைய சட்டத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய அளவே. ஆனால் அதன் பின்னிருந்த மனநிலை பெரியது. அவர் பிச்சையிடவில்லை, பட்ட கடனை ஒப்புக்கொண்டார். கொடுப்பவர் என்ற உயரத்தில் அவர் நிற்கவில்லை, பெற்றவராக நின்றார்.

மூன்று துறவுகள்

தமது கீதா பாஷ்யத்தில் ராமானுஜர் செயலில் விட வேண்டியவை மூன்று என்று விளக்குகிறார். பலன் எனக்கு என்பதை விடுதல். செயல் என்னுடையது என்பதை விடுதல். செய்பவன் நானே என்பதை விடுதல். செயலை விடச் சொல்லவில்லை.

சேவைச் சங்கத்தின் ஓராண்டுக்கும் இது பொருந்தும். சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் செல்வேன் என்பது முதல் படி. எங்கள் சங்கம் நட்ட மரம், எங்கள் பதாகை என்ற உரிமை கொண்டாடாமை இரண்டாம் படி. மூன்றாம் படியே கடினமானது. அதை ஓர் உதாரணத்தால் காணலாம்.

பங்குனியில் நடைபெறும் வைரமுடி சேவைக்கு மேல்கோட்டையில் பெருந்திரளான பக்தர்கள் கூடுகின்றனர். இத்தகைய திருவிழா ஒன்று முடிந்த மறுநாள், பள்ளி மாணவர்கள் குளக்கரையைத் துப்புரவு செய்கிறார்கள் என்று கொள்வோம். ஒரு நாள் பணிக்கு மேடையில் பாராட்டு உண்டு, புகைப்படமும் உண்டு. ஆண்டின் மற்ற நாட்களிலெல்லாம் அதே கரையைப் பெருக்கும் தொழிலாளி எங்கே? அவர் பெயர் மாணவர்களுக்குத் தெரியுமா? துடைப்பத்தைக் கொடுத்து, குப்பையைப் பிரிக்கக் கற்றுத் தந்தவர் அவராகவே இருக்கலாம். ஒரு நாள் செய்தவர் சேவகர், நாள்தோறும் செய்பவர் கூலியாள் என்று நாம் பிரிப்போமானால், துப்புரவு செய்யப்பட்டது குளக்கரை மட்டுமே, உள்ளம் அன்று.

இதே மேல்கோட்டையில் 1960-இல் சுரேந்திர கௌலகி ஜனபத சேவா டிரஸ்டை நிறுவினார். ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம், காதி நெசவு என அதன் பணி பல்லாண்டுகள் தொடர்ந்தது. நீடித்த சேவையில் கொடுப்பவர், பெறுபவர் என்ற கோடு மெல்ல அழிகிறது. ஒரே ஊரில் சேர்ந்து வாழ்பவர்கள் என்ற உறவே எஞ்சுகிறது.

எழுதப்படாத பக்கம்

பள்ளிச் சங்கத்திற்கு அத்தனை ஆண்டுகள் இல்லை. பத்து மாதங்களே உண்டு. ஆயினும் ஒன்றைச் செய்யலாம். 'நாங்கள் செய்தவை' என்ற ஆண்டறிக்கையோடு 'நாங்கள் பெற்றவை' என்று மற்றொரு பக்கமும் எழுதப்படட்டும். முதியவர் சொன்ன அறிவுரை, கன்றுக்கு விடுமுறையில் நீரூற்றிய அண்டை வீட்டார், கரையைப் பெருக்கக் கற்றுத் தந்த தொழிலாளி என யார் யாருக்குக் கடன்பட்டோம் என்பது அங்கே பதிவாகட்டும். அவர்களுள் ஒருவரையேனும் விழா மேடைக்கு அழைத்து, பெயர் சொல்லி, முன்வரிசையில் அமர்த்தட்டும்.

அப்போது மாணவன் கையில் உள்ள சான்றிதழின் பொருள் மாறுகிறது. அது அவன் கொடுத்ததற்கான ரசீதாக இல்லாமல், இனி அவன் தீர்க்க வேண்டிய கடனின் நினைவூட்டலாகிறது. அத்தகைய மாணவனுக்குப் பள்ளி ஆண்டு முடியலாம், சேவை முடிவதில்லை.