குற்றவாளி என்னும் பெயர் எத்தனை காலம்?

களவு செய்தவன் என்றென்றும் கள்வன்தானோ? இளமையிலே தவறியவனை முதுமையிலும் அப்பெயரால் அழைப்பது நீதியாகுமா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

பாலக்காடு மாவட்டத்தில், பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் வழியில், தமிழ் பேசுவோர் வாழும் எல்லையூர் கோவிந்தாபுரம். எல்லை உள்ளவிடத்தில் கடத்தலும் உண்டு. இருபது வயது வாலிபனொருவன் தோழர் பேச்சைக் கேட்டு, ரேஷன் அரிசி மூட்டைகளை இரவிலே எல்லை கடத்தினான் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதில் அவனே முதலமடை மாந்தோப்பில் கூலிக்கு மாங்காய் பறித்து, மகளைப் பள்ளிக்கு அனுப்புகிறான். ஆயினும் ஊரில் ஒரு பொருள் காணாமற்போயின், முதலில் அவன் வாயிலிலேயே போய் நிற்கின்றனர்!

அறிஞர் கண்டதோ வேறு. பெல்ஜிய நாட்டுக் கெத்தலே என்பார், பிரான்சு தேசத்துக் கணக்குகளை ஆய்ந்து, குற்றம் வாலிபத்தில் உச்சமடைந்து வயதேறத் தணிகின்றதென 1831-லேயே காட்டினார். அமெரிக்காவில் குளூக் தம்பதியர், குற்றம் புரிந்த பாஸ்டன் சிறுவர் 500 பேரை ஆராய்ந்து 1950-இல் நூல் வெளியிட்டனர். பின்னர் லாப், சாம்ப்சன் என்னும் இருவர் அவர்கள் வரலாற்றை 70 வயது வரை தொடர்ந்து, 2003-இல் நூலாக்கினர். சிலர் விரைவிலும் சிலர் தாமதித்தும், பெரும்பாலோர் குற்றத்தைக் கைவிட்டனர். நிலையான வேலையும் நல்ல இல்லறமும் அவர்க்குத் துணையாயின. எவன் திருந்துவான், எவன் திருந்தான் என்பதைச் சிறுவயதிலேயே கணிக்க இயலவில்லை.

இவ்வுண்மைக்கு நேர்மாறாக எழுந்தது 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். செயலையன்றிப் பிறப்பையே குற்றமாக்கிய அச்சட்டம், 1911-க்குப்பின் சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடெங்கும் 1952-லும் அச்சட்டம் ஒழிந்தது. ஆனால் சட்டத்தோடு அந்த எண்ணமும் ஒழிந்ததோ? பிறப்பால் இழிவு சுமந்த நாம், ஒருவன் பழஞ்செயலைக் கொண்டே அவனுக்கு மாறாப் பெயர் சூட்டலாமோ?

மஜ்ஜிம நிகாயம் கூறும் அங்குலிமாலர் வரலாறு நாமறிந்ததே. கொலைஞனாயிருந்து பிக்குவான அவரைக் கண்டு, சிறைபிடிக்க வந்த கோசல மன்னனே மரியாதையோடு பேசினான். ஆனால் பிச்சைக்குச் சென்றபோது அவர்மேல் கற்கள் விழுந்தன. தலை பிளந்து, பாத்திரம் உடைந்து திரும்பினார். பழவினையின் பயனென்று பொறுக்குமாறு பகவான் அவருக்கே உரைத்தார். அதனால் கல்லெறிந்தோர் கை தூய்மையாகிவிடுமோ? வினைப்பயனைத் தாங்குவது அவர் கடன். அதனை ஏவுவது நம் அதிகாரமன்று.

பொருளிழந்தோர் துயரை மறக்கச் சொல்லவில்லை. குற்றத்திற்குத் தண்டனை உண்டு. தண்டனைக்கு முடிவும் உண்டு. முடிந்தபின் அவனுக்கு வேண்டுவன ஒரு வேலை, ஓர் உறவு, நம்பிக்கையோடு பேசும் ஒரு வாய். அவற்றை அளிக்க மறுத்துவிட்டு, அவன் மாறவில்லையே என்று நாம் குறைகூறுதல் தகுமா?