வில் செய்கிறவனுக்கு என்ன பொறுப்பு?



ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறோம். ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ வாழும் ஒரு தகப்பனார் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சிறு பட்டறை அமைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாங்குப் பலகை, ஒரு கைவாள், ஒரு வாய்ச்சி, ஒரு சீவுளி, இரண்டு அரம், கொஞ்சம் மண்கடதாசி. மாலை வேளைகளில் பிள்ளைகளை அருகில் இருத்தி, மரத்தைச் சீவி வில் செய்யப் பழக்குகிறார். இது நல்ல காரியமா? பிள்ளைக்குக் கைத்தொழில் பழக்குகிறார் என்று ஒருவர் மெச்சுவார். ஆயுதம் செய்யவா பழக்குகிறீர் என்று இன்னொருவர் கடிந்துகொள்வார். யார் சொல்வது சரி?

சிறிய விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு பொருளைச் செய்கிறவன் அதன் பயனுக்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்ற பெரிய கேள்வி இதற்குள் இருக்கிறது.

முதலில் தொழிலைப் பார்ப்போம். வில் எளிய பொருள்போலத் தோன்றும். ஒரு கழியும் ஒரு நாணுந்தானே! ஆனால் வளையும்போது அந்தக் கழிக்குள் இரண்டு எதிர்வேலைகள் நடக்கின்றன. வெளிப்புறமான முதுகு இழுபடுகிறது. உட்புறமான வயிறு நசுங்குகிறது. முதுகில் ஓடும் நார் ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருந்தாலும் அங்கேதான் முறியும். ஆகவே மரத்தின் ஓட்டத்தைப் பார்த்து, அதன் போக்கிலேயே சீவவேண்டும். பச்சை மரம் உதவாது. நிழலில் உலரவிட்டுக் காத்திருக்கவேண்டும். பிறகு வயிற்றுப் பக்கத்தைக் கொஞ்சம் சீவுவதும், வளைத்துப் பார்ப்பதும், மறுபடி சீவுவதுமாக, இரு கைகளும் ஒத்து வளையும்வரை பொறுமையாகப் பார்க்கவேண்டும். அதிகம் சீவிவிட்டால் சீவினதை மீண்டும் ஒட்டமுடியாது. அவசரக்காரனுக்கு வில் வராது.

தீவகத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் பெருமரம் அதிகமில்லை. நம்மிடம் நிறைய இருப்பது பனை. பனைக்கு வைரம் புறத்தே, உள்ளே மென்மை. இதைக் கண்டுதான் தொல்காப்பியர் வெளியே வைரமுள்ளவற்றைப் புல் என்றும், உள்ளே வைரமுள்ளவற்றை மரம் என்றும் பிரித்தார். அந்தக் கணக்கில் நம் பனை ஒரு புல்! ஆனால் அந்தப் புறவைரத்தின் உறுதி சாமானியமானதல்ல. நியூகினித் தீவின் மக்கள் பனையின மரங்களின் வைரத்திலிருந்து வில் செய்து வந்திருக்கிறார்கள். நாம் இதற்காகப் பனையைத் தறிக்கவேண்டியதில்லை. தறிக்க அனுமதியும் வேண்டும். பழைய கூரையிலிருந்து கழற்றிய ஒரு சலாகை போதும்.

வாசகரே, வில் செய்வது நமக்குப் புதிதென்று எண்ணுகிறீர்களா? தை மாதத்து வாடைக்காற்றில் இரவு முழுவதும் வானத்தில் கூவுகிறதே, பட்டத்தின் விண், அது என்ன? வில்தான். மூங்கிலையோ கமுகஞ் சலாகையையோ சீவி வளைத்து, முன்னாளில் பனைநாரையும் இந்நாளில் பொதி கட்டும் நாடாவையும் நாணாக இழுத்துக் கட்டுகிறோம். காற்று அந்த நாடாவை அதிரச் செய்கிறது. கொக்குப்பட்டமானாலும் எட்டுமூலைப்பட்டமானாலும் விண்ணின் இரு பக்கமும் ஒத்திராவிட்டால் பட்டம் ஒருபக்கம் சாயும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்கக் கடற்கரை நிறையச் சனம் கூடுகிறது. அங்கே அம்பில்லாத வில்லொன்று வானத்தில் பாடுகிறது.

இன்னும் பின்னே போவோம். பெரும்பாணாற்றுப்படையிலே மாடு மேய்க்கும் இடையன் ஒருவன் வருகிறான். குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கிக் கட்டி, தானே ஒரு யாழ் செய்து வாசிக்கிறான். அதற்குப் பெயரே வில்யாழ். அவனுக்கும் காடுதான் பட்டறை. விபுலானந்த அடிகளார் 1947-ல் வெளியிட்ட யாழ் நூலிலே பழந்தமிழரின் யாழ் வகைகளை ஆராய்ந்தபோது இந்த வில்யாழுக்கும் இடங்கொடுத்தார். வேட்டைக்காரன் நாணைச் சுண்டியபோது எழுந்த ஓசையைக் கேட்டு மயங்கிய ஒருவன்தான் முதல் யாழைச் செய்திருக்கவேண்டும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். யாழின் பெயரைத் தாங்கிய யாழ்ப்பாணத்தார் நாம் இதை நினைத்துப் பார்க்கவேண்டும். ஒரே கழி, ஒரே நாண். ஒரு கையில் கொலை, மறுகையில் இசை.

வள்ளுவரும் கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தில் இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறார். அம்பு பார்வைக்கு நேரானது, செய்வதோ கொடுமை. யாழின் தண்டு பார்வைக்கு வளைந்தது, தருவதோ இனிமை. ஆகவே உருவத்தை விட்டுச் செயலைக் கொண்டு மதிப்பிடு என்கிறார். அவர் பேசுவது மனிதரைப் பற்றி. பொருள்களுக்கும் அது பொருந்துமா?

திருச்சபையின் வரலாற்றிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 1139-ல் கூடிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம், பொறிவில்லாளரும் வில்லாளரும் தங்கள் கொலைக்கலையைக் கிறிஸ்தவர்மேல் பயன்படுத்தக்கூடாது என்று சாபத் தண்டனையோடு விலக்கியது. கிறிஸ்தவரல்லாதார் மேல் என்றால் ஆகுமோ என்று இன்றைய வாசகர் கேட்பார், கேட்கவேண்டிய கேள்விதான். உயிர் எவருடையதாயினும் ஒன்றே. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1363-ல், இங்கிலாந்தின் மூன்றாம் எட்வேட் அரசன் தன் குடிகள் திருநாட்களிலே வீண் விளையாட்டுகளை விட்டு வில்வித்தை பழகவேண்டும் என்று கட்டளையிட்டான். சங்கம் விலக்கியதை அரசன் கடமையாக்கினான். இருவரும் பார்த்தது ஒரே வில்லை. சங்கத்தார் சாகிறவனை நினைத்தனர்; அரசன் தன் போர்ப்படையை நினைத்தான்.

இந்தக் குழப்பத்தில் நமக்கு வழிகாட்டுகிறவர் புனித தோமஸ் அக்குவினாஸ். ஆடை அணிகளைப் பற்றிப் பேசும் ஓரிடத்தில், போகிறபோக்கில், அவர் தொழில்களை மூன்றாகப் பிரிக்கிறார். பாவமின்றிப் பயன்படுத்தவே முடியாத பொருளைச் செய்வது ஒன்று. அதைச் செய்கிறவனும் பாவத்தில் பங்காளி. நன்மைக்கும் தீமைக்கும் பயன்படக்கூடிய பொருளைச் செய்வது இரண்டாவது, அதில் பாவமில்லை. இதற்கு அவர் சொல்லும் உதாரணமே வாளும் அம்பும்! தன்னளவில் குற்றமற்றதாயினும் பெரும்பாலோர் தீமைக்கே பயன்படுத்தும் பொருளைச் செய்வது மூன்றாவது; அதை ஆளுகிறவர்கள் தடைசெய்வது தகும்.

அப்படியானால் நம் தகப்பனார் தப்பித்தார் என்று முடித்துவிடலாமா? அவசரப்படவேண்டாம். இந்தத் தீவகம் பார்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 1985 மே 15-ம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணம் செய்த அப்பாவி மக்கள், குழந்தைகள் உட்பட, கத்தியாலும் கோடரியாலும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கோடரி விறகு கொத்தவும் மரம் தறிக்கவும் செய்யப்பட்ட பொருள். அதைச் செய்த கொல்லனை எவரும் குற்றம் சாட்டுவதில்லை, சாட்டவும் கூடாது. அவன் அந்தக் கைகளை அறியான்.

இங்கேதான் வீட்டுப் பட்டறைக்கும் ஊர்க் கொல்லனுக்கும் வேறுபாடு வருகிறது. சந்தைக்குச் செய்கிறவன் வாங்குகிறவன் யாரென்று அறியான். வீட்டிலே செய்கிற தகப்பனோ, இந்த வில் யாருடைய கைக்குப் போகிறது என்று பெயரோடு அறிவான். அந்தப் பிள்ளையின் கோபத்தை அறிவான். அயல்வீட்டாரோடு அவனுக்குள்ள மனக்கசப்பை அறிவான். கோழிக்குக் கல்லெறிந்தவன் அவன்தான் என்பதையும் அறிவான். அக்குவினாஸ் சொன்ன இரண்டாம் வகை, பொருளைச் செய்வது பாவமா என்ற கேள்விக்கு விடை சொல்கிறது. இந்தப் பொருளை இந்தக் கையில் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. அறிவு கூடக்கூடப் பொறுப்பும் கூடும். ஆகவே பட்டறை எவ்வளவு சிறிதோ, செய்கிறவனின் பொறுப்பு அவ்வளவு பெரிது.

நான் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான் என்று சிலர் சொல்வர். செய்யட்டும். அவன் கணக்கை அவன் கொடுப்பான். இன்னொருவன் செய்யக்கூடிய தவறு என் தவறுக்கு அளவுகோலாகாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. எங்கள் மண் ஆயுதம் பார்த்தது போதும். விளையாட்டுக்கும் வேண்டாம் என்று ஒரு தாய் சொல்லக்கூடும். 1990-ன் பின் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அப்படிச் சொன்னால் நாம் வாதாடக்கூடாது. அந்த வீட்டிலே வில் வேண்டாம்; விண் போதும். மற்ற வீடுகளிலோ, பிள்ளை கைப்பேசியிலே ஒரு மாலைப்பொழுதில் நூறு பேரைச் சுட்டுவிட்டு, கை கழுவாமலே சாப்பிட வருகிறான். அங்கே பாரமில்லை, வலியில்லை, முறிகிற மரமில்லை. பத்து நாள் சீவிய கழி கண்முன்னே முறிவதைப் பார்த்த பிள்ளைக்கு, ஆக்குவதற்கு நாளாகும், அழிப்பதற்குக் கணம் போதும் என்பதைத் தனியாகப் போதிக்கவேண்டியதில்லை.

ஆனால் கைத்தொழில் தானாகவே ஒருவனை நல்லவனாக்கும் என்று நாம் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வோர் உண்டு; அது உண்மையன்று. கலை வேலையை நன்றாக்கும், வேலைக்காரனின் மனத்தை நன்றாக்குவது அதன் பணியல்ல என்று அதே அக்குவினாஸ் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். திறமுள்ள கொடியவன் இருக்கமுடியும். மனத்தை நேராக்குவதற்கு விவேகம் என்ற வேறு புண்ணியம் வேண்டும். அதைப் பிள்ளை உளியிடமிருந்து கற்காது. உளி பிடித்திருக்கும் தகப்பனிடமிருந்துதான் கற்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. வளைக்கும் வயதில் அருகே ஒருவர் இருக்கவேண்டும் என்பதும் அதற்குள் அடக்கம்.

ஆகவே இப்படிப் பட்டறை வைக்க விரும்பும் பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். விண்ணிலே தொடங்குங்கள், வில்லின் தொழில் முழுவதும் அதில் இருக்கிறது, அம்பு மட்டும் இல்லை. அம்புள்ள வில் செய்வதானால் அது மண்மூட்டையின்மேல் குறிபார்க்க மட்டுமே என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நெடுந்தீவின் குதிரைகளும், களப்புக்கு வரும் வெளியூர்ப் பறவைகளும், அயல்வளவு ஆடும் நமக்குக் குறியல்ல. பெரியவர் இல்லாத நேரத்தில் வில் உயரத்தில் இருக்கட்டும். முக்கியமாக, வேலை முடிந்ததும் நாணைக் கழற்றப் பழக்குங்கள்.

நாணைக் கழற்றுவதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல் பட்டார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனைப் பார்த்து, அம்பு எய்யச் சொன்னார் அருளப்பர். பலமுறை எய்தபின், இடைவிடாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துபோகுமே என்றான் அவன். மனித மனமும் அப்படித்தான், தளரவிடாவிட்டால் முறியும் என்றார். விளையாட்டிலும் புண்ணியம் உண்டு என்று நிறுவ அக்குவினாஸ் எடுத்துக்காட்டுவது இந்தக் கதையைத்தான். தனியார் வகுப்புக்கும் பரீட்சைக்கும் நாண் ஏற்றியபடியே வைத்திருக்கும் நம் பிள்ளைகளின் மனங்களுக்கு, தகப்பனோடு தாழ்வாரத்தில் மரம் சீவும் ஒரு மாலை வேண்டாமா?

நோவாவின் காலத்துப் பெருவெள்ளம் வற்றியபின் ஆண்டவர் தம் வில்லை மேகத்தில் வைத்தார் என்று ஆதியாகமம் சொல்கிறது. எபிரேய மொழியில் போர்வில்லுக்கும் வானவில்லுக்கும் சொல் ஒன்றே. தமிழிலும் நாம் வில் என்றே சொல்கிறோம். எய்யும் வல்லமையுள்ளவர் எய்யாமல் மாட்டிவைத்த வில் அது. நம் தாழ்வாரத்துச் சுவரிலும் ஓர் ஆணி அடித்து வையுங்கள். வில் செய்யப் பழகும் பிள்ளை, அதை எப்போது மாட்டிவைக்கவேண்டும் என்பதையும் உங்களைப் பார்த்தே பழகட்டும்.