போதும் என்னும் எல்லை

பழையது தளரும்போது மனிதன் முன் இரண்டு வழிகள் தோன்றுகின்றன. ஒன்று, அதனை அகற்றிவிட்டுப் புதியது கொள்வது. மற்றொன்று, தளர்ந்த உறுப்பை மட்டும் மாற்றி எஞ்சியதைக் காப்பது. தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பெற்றோர் இரண்டாம் வழியையே பெரிதும் அறிந்திருந்தனர். மண்வெட்டியின் காம்பு முறிந்தால் காம்பை மாற்றினர். மிதிவண்டியின் சங்கிலி அறுந்தால் சங்கிலியை மாற்றினர். வாங்கிய பொருளோடு நெடுங்காலம் வாழ்ந்தனர். இன்றோ நம் கையிலுள்ள கருவிகளுள் பல, உரியவரே திறக்கவொண்ணாதபடி மூடப்பட்டு விற்கப்படுகின்றன. இந்நிலையில் அப்பழைய அறம் இன்னும் உயிர்வாழும் ஓரிடம் உண்டு. இளைஞர் அறைகளில் இருக்கும் விளையாட்டுக் கணினியே அது என்றால் சிலர் வியக்கலாம்.

விளையாட்டுக் கணினி என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் நம்மிடையே உளர். காலத்தைத் தின்னும் பொருள் என்பது அவர்தம் கருத்து. அளவு கடந்தால் அக்கருத்து உண்மையே. எனினும் அப்பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே நோக்கினால், சிந்தனைக்குரிய ஒரு பாடம் அங்கே காத்திருக்கக் காணலாம். செயலி, நினைவகம், சேமிப்பு வட்டு, கிராபிக்ஸ் கார்டு, மின்வழங்கி ஆகியவை தாய்ப்பலகையோடு இணைந்தும், வேண்டும்போது பிரிக்கத் தக்கனவாயும் அமைந்துள்ளன. எதை மாற்றுவது, எதை விடுவது, எப்பொழுது நிறுத்துவது என்னும் மூன்று வினாக்களையும் அக்கணினி தன் உரிமையாளனிடம் ஓயாது கேட்கிறது.

குறை காணும் கலை

ஓர் இளைஞனைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை லாரி ஓட்டுநர். தங்கை இடைநிலைப் பள்ளி மாணவி. 2017ஆம் ஆண்டில் வாங்கிய கணினி ஒன்று அவனிடம் இருக்கிறது. புதிய விளையாட்டுகள் அதில் தடுமாறுகின்றன. பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்துடன் அவன் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குப் புறப்படுகிறான். ஒளிரும் புதிய கார்டுகள் அவன் கண்ணைக் கவர்கின்றன. ஆயின் குறை அங்கேதான் இருக்கிறதா?

பல உறுப்புகள் சேர்ந்து இயங்கும் ஒன்றின் வேகத்தை, அவற்றுள் மிகவும் பின்தங்கிய உறுப்பே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. செயலி மூச்சுத் திணற, கிராபிக்ஸ் கார்டு பாதி வேலையின்றி இருக்குமாயின், புதிய கார்டினால் பயன் சிறிதே. சுழலும் வன்தட்டு நொடிக்கு ஏறத்தாழ 150 மெகாபைட் படிக்க, எளிய எஸ்.எஸ்.டி. ஒன்று 500 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். காத்திருப்பே குறையாயின் அவ்வட்டு ஒன்றே மருந்தாகும். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 என்னும் கார்டு 120 வாட் மின்திறனில் இயங்கிற்று. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கொள்வதோ 575 வாட். பழைய மின்வழங்கி இதனைத் தாங்குமா என்று நோக்காமல் வாங்குவோன் பணத்தை இழப்பான். வலியறிதல் என்றோர் அதிகாரத்தை வள்ளுவர் வகுத்தது அரசர்க்கு மட்டும் உரியதன்று.

ஆசிரியராகிய நமக்கு இவ்வுண்மை புதிதன்று. ஒரு மாணவனுக்குக் கணிதம் வரவில்லை என்பர். கூட்டலும் கழித்தலும் மேலும் நூறு கொடுப்போம், பயன் இராது. பொறுமையாக ஆராய்ந்தால், கணக்கின் வினாவை வாசித்துப் பொருள் கொள்ளவே அவன் இடர்ப்படுவது தெரியவரும். குறை ஓரிடத்தும் மருந்து வேறோரிடத்தும் இருந்தால் நோய் தீருமா? பழைய கணினியைச் செப்பனிடும் இளைஞன், விளையாட்டின் பெயரால் இவ்வாராய்ச்சியைப் பயில்கிறான் என்பதை நாம் மறுத்தல் ஆகாது.

மாறியதும் மாறாததும்

இவ்வாண்டு வட்டு, மறு ஆண்டு நினைவகம், பின்னர்ச் செயலி என ஒவ்வொன்றாக மாற்றி முடித்தபின் அது பழைய கணினிதானா? கிரேக்க அறிஞர் புளூட்டார்க், தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைக் குறித்து இவ்வினாவைப் பதிவு செய்துள்ளார். உளுத்த பலகைகளை அகற்றிப் புதிய பலகைகளைப் பொருத்திக்கொண்டே வந்த கப்பல் அது. அது அதே கப்பலே என்றனர் சிலர். அன்று என்றனர் வேறு சிலர். ஆங்கில நாட்டு மெய்யியலார் தாமஸ் ஹாப்ஸ், 1655இல் வெளிவந்த தம் நூலில் இதனை மேலும் சிக்கலாக்கினார். அகற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அவற்றைக்கொண்டு வேறொரு கப்பலைக் கட்டினால், இரண்டனுள் தீசியஸின் கப்பல் எது என்று அவர் வினவினார்.

ஹாப்ஸின் கற்பனை நம் இளைஞன் வீட்டில் நிகழ்வதைக் காண்க. அவன் கழற்றிய செயலியும் நினைவகமும் வட்டும், பழைய தாய்ப்பலகை ஒன்றில் பொருத்தப்பட்டுத் தங்கையின் மேசைக்குச் செல்கின்றன. அவள் அதில் பாடம் படிக்கிறாள், கட்டுரை எழுதுகிறாள். அண்ணனோ தன் மேசையில் இருப்பதையே ‘என் பழைய கணினி’ என்கிறான். உறுப்புகளின்படி நோக்கினால் தங்கையிடம் இருப்பதே பழையது. ஆயினும் அண்ணன் சொல்வதும் பொய்யன்று. ஒரு பொருளின் தன்மை அதன் உறுப்புகளில் மட்டும் இல்லை. இடையறாத பயன்பாட்டிலும், அதனை ஆளுவோன் நோக்கத்திலும் அது தங்கியுள்ளது.

தமிழாசிரியர்க்கு இதற்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணை, லை முதலிய சில எழுத்துகளின் பழைய வடிவங்கள் நீங்கின. வடிவம் மாறிற்று, தமிழ் மாறவில்லை. மாற்றத்தை வழிநடத்தும் நோக்கம் தெளிவாக இருக்கும்வரை மாற்றம் இழப்பன்று. நோக்கம் நழுவினாலோ, ஓர் ஆணியும் மாறாத பொருள்கூட நம்முடையது அன்றாகிவிடும்.

அளப்பவர் யார்?

இங்கேதான் நம் அறவினா எழுகிறது. அந்நோக்கத்தை வகுப்பவர் யார்? திரையில் நொடிக்கு 30 படங்கள் ஓடினால் ஒரு படத்திற்கு ஏறத்தாழ 33 மில்லிநொடி ஆகும். 60 ஆக்கினால் 17 ஆகக் குறையும், மிச்சம் 16. அதனை 120 ஆக்கினால் மிச்சம் 8. 240 ஆக்கினால் மிச்சம் 4 மட்டுமே. ஒவ்வொரு முறையும் வேகம் இருமடங்காகிறது. பெறும் பயனோ பாதியாகத் தேய்கிறது. செலவு அவ்வாறு தேய்வதில்லை. ஆசை எண்ணைப் பார்க்கிறது. அறிவு மிச்சத்தைப் பார்க்கிறது. போதும் என்னும் எல்லை எங்கோ இவ்விரண்டிற்கும் இடையில் இருக்கிறது.

அவ்வெல்லையை நாமே வகுக்க வேண்டும் என்பது எளிது. உண்மை அத்துணை எளிதன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளன்று முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளுள் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டனவும் வேண்டும் என்றது. நன்கு இயங்கிய கணினிகள் பல, தம்பால் பழுதின்றியே முதுமை எய்தின. அவற்றை மாற்ற எண்ணியவனைப் பேராசைக்காரன் என்று பழித்தல் தகாது. மறுபுறம், ஏ.எம்.டி. நிறுவனம் 2022இல் வெளியிட்ட செயலியொன்றை, 2017இல் வாங்கிய தாய்ப்பலகைகள் பலவற்றில் மென்பொருள் மேம்பாட்டுடன் பொருத்த முடிந்தது. ஆக்குவோர் விரும்பினால் பொருளின் வாழ்நாளை நீட்டவும் இயலும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. எனவே தேவையின் அளவுகோலில் ஒரு பாதி நம் கையிலும், மறு பாதி விற்போர் கையிலும் உள்ளது. நம் பாதியையேனும் நாம் இழவாதிருத்தல் வேண்டும்.

கழிந்தவை செல்லுமிடம்

மலேசியராகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. 1972ஆம் ஆண்டில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் பினாங்கில் தொழிற்சாலைகளைத் தொடங்கின. உலகத்தார் கணினிகளில் அமரும் சில்லுகள் நம் மண்ணில் நம் மக்கள் கைகளால் உருப்பெற்றன. அவற்றின் முடிவையும் நாம் அறிதல் வேண்டும். 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று என்றும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாக ஆவணப்படுத்தப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் அறிவித்துள்ளன. ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள் அதில் கலந்துள்ளமையால், நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிகள் மின்னணுக் கழிவைச் சிறப்புக் கட்டுப்பாட்டிற்குரிய கழிவுகளோடு சேர்த்தன. நாம் எறிவது மறைவதில்லை. வேறொருவர் வாசலுக்குச் செல்கிறது. தங்கையின் மேசைக்குச் சென்ற செயலி, அவ்வாசலுக்குச் செல்லாமல் நின்றது. அதுவே அதன் சிறப்பு.

ஆகவே, கடைக்குச் செல்லுமுன் நம் மாணவர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. இன்று செய்ய இயலாத எதனை நாளை இதனால் செய்ய இயலும்? குறை உண்மையில் இவ்வுறுப்பில்தான் உள்ளதா? நீக்கும் உறுப்பு எங்கே செல்லும்? மூன்றற்கும் விடை கிடைப்பின் தயங்காது மாற்றுக. நண்பனிடம் இருக்கிறது என்பதைத் தவிர வேறு விடை கிடைக்காவிடின், அப்பணம் தந்தையின் சுமையைக் குறைக்கட்டும். அல்லது அடுத்த ஆண்டிற்காகக் காத்திருக்கட்டும்.

‘வாங்காதே’ என்று மட்டும் சொல்லும் ஆசிரியரை மாணவர் மறந்துவிடுவர். எப்படி அளப்பது என்று கற்றுத்தரும் ஆசிரியரை, அவர்கள் கடை வாசலில் நினைத்துக்கொள்வர். போதும் என்னும் சொல்லைப் பிறர் நம் வாயில் திணித்தால் அது தடை. நாமே அளந்து அறிந்து சொன்னால் அஃது உரிமை. அவ்வுரிமையைப் பயில்வதற்கு, பழைய கணினியொன்றின் திறந்த பெட்டியும் ஏற்ற பள்ளியே ஆகும்.