வழி வகுத்தலும் வழித்துணையும்

தன் பயணத்தைத் தானே வகுத்துக்கொள்வது சிறு செயல்போல் தோன்றும். எந்நாளில் புறப்படுவது, எதில் ஏறுவது, எங்கே தங்குவது என்பனவற்றில் அறத்திற்கு என்ன வேலை என்று வினவுவோரும் உளர். ஆயினும், தன் வழியைத் தானே தேரும் உரிமை எல்லாத் தலைமுறைக்கும் கிட்டியதன்று. அவ்வுரிமை எத்தகையது, அதன் எல்லை யாது என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். பள்ளி விடுமுறையில் வடக்கே பினாங்கு செல்ல அக்குடும்பத்தார் விழைகின்றனர். பயண ஏற்பாட்டாளர் எவரையும் நாடாது தாமே திட்டம் தீட்டுகின்றனர். ஈப்போவில் இரயிலேறிப் பட்டர்வொர்த் அடைதல். அங்கிருந்து பெர்ரியில் கடல் கடத்தல். கொடிமலை இரயிலில் உச்சி காணல். எஞ்சிய இடங்களை வாடகைக் காரில் சுற்றுதல். இதுவே அவர்தம் எண்ணம்.

இவ்வழியே எதிர்த்திசையில் வந்தவர்கள் அவர்தம் முன்னோர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தொழிலாளர் பினாங்கில் கரையிறங்கினர். ஜெரேஜாக் தீவில் நோய்த்தடுப்பின் பொருட்டு நிறுத்தி வைக்கப்பட்டோர் பலர். பிறையையும் சிரம்பானையும் 1903-இல் இணைத்த இருப்புப்பாதை, தோட்டங்களை நோக்கித் தெற்கே சென்றது. எத்தோட்டம், எவ்வேலை, எவ்வளவு கூலி என்று வகுத்தவர் வேறு, நடந்தவர் வேறு. ஒப்பந்தக் கூலிகளாக ஆள் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. தொழிலாளரை ஆதரவளித்து அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடைசெய்தபோது, கங்காணி வழியான ஆள்சேர்ப்பும் முடிவுற்றது.

ஆதலின், பேரன் ஒருவன் வரைபடத்தை மேசைமேல் விரித்து, “இங்கே இறங்குவோம்” என்று விரல் வைப்பது வெறும் பொழுதுபோக்கன்று. பாட்டனுக்கு மறுக்கப்பட்ட ஒன்றை அவன் கையில் எடுக்கிறான்.

எனினும், உரிமை மட்டும் வழிகாட்டாது, அறிவும் வேண்டும். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. அவை அரசனுக்கு உரைக்கப்பட்டனவாயினும் குடும்பத் தலைவனுக்கும் பொருந்தும்.

காரோடு பெர்ரியில் ஏறி அக்கரை சேர்ந்த இளமை நினைவு பலருக்கும் இனியது. அந்நினைவையே நம்பித் திட்டமிடுபவன் துறையில் ஏமாறுவான். 2021 சனவரி முதல் நாளிலிருந்து பெர்ரிகள் கார்களை ஏற்றுவதில்லை. 2023-இல் வந்த புதிய பெர்ரிகளும் மக்களையும் மோட்டார் சைக்கிள், மிதிவண்டிகளையுமே ஏற்றுகின்றன. காரில் கடல் கடப்போர் 1985-இல் திறக்கப்பட்ட பாலத்தையோ 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தையோ நாட வேண்டும். நினைவு இனிது, ஆயினும் விசாரித்தறிதல் கடமை.

கொடிமலை இரயிலின் வரலாறு வலியறிதலுக்குச் சான்றாகும். 1901 முதல் 1905 வரை நடந்த முதல் முயற்சி பொறியியற் குறைகளால் பயனற்றுப் போயிற்று. மலையின் செங்குத்தை மீண்டும் அளந்து, திட்டத்தை மாற்றிய பின்னரே, 1923-இல் வண்டி மேலேறியது. அந்நாளில் நடுநிலையத்தில் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டும். 2011-இல் வந்த புதிய வண்டி நேரே உச்சிக்குச் செல்கிறது. தோற்ற திட்டத்தைத் திருத்துவது இழிவன்று. அதையே பற்றி நிற்பதுதான் பேதைமை.

இவையனைத்தும் அறிந்தவனுக்கும் ஓர் ஆபத்து உண்டு. திட்டம் முழுமை பெறப் பெற, அதை வகுத்தவன் தன்னையறியாமல் ஆணையிடுபவன் ஆகிவிடுகிறான். தைப்பிங்கைக் கடந்து புக்கிட் மேரா ஏரியின் நடுவே இரயில் செல்லும்போது, இருபுறமும் நீர் விரிந்து கிடக்கும். அவன் கண்ணோ கைக்கடிகாரத்தில் நிலைத்திருக்கும். முதிய தாய் தன் தந்தை முதன்முதல் கால்வைத்த பினாங்குத் துறைமுகக் கரையில் சற்று நேரம் நிற்க விரும்பக்கூடும். “அதற்கு நேரமில்லை, அம்மா” என்று அவன் சொன்னால், அவள் எதிர்த்துப் பேசாமல் காரில் ஏறிவிடுவாள். அந்த மௌனத்தை இணக்கம் என்று கொள்வது பிழை. கங்காணியின் சொல்லுக்கு அடங்கி வந்தவரின் மகள், இன்று தன் மகனின் சொல்லுக்கு அடங்குகிறாள். அடக்கியவன் கொடியவன் அல்லன், அன்புடையவனே. ஆயினும், அவளைக் கேளாமல் அவள் வழியை வகுத்துவிட்டான்.

திட்டமே வேண்டாம் என்பது இதற்கு மருந்தாகாது. திட்டமின்றிப் புறப்படுவோர் விடுமுறை நாளில் இரயில் இருக்கை கிடைக்காமலும், மலையடிவார வரிசையில் குழந்தைகளோடு வாடியும் துன்புறுவர். பிறர் சுமையைக் குறைக்கும் திட்டம் அறமே. ஆனால், அதை எழுதுமுன் உடன் வருவோர் ஒவ்வொருவரையும் வினவ வேண்டும். எழுதிய பின்னும் அவர்பொருட்டு ஒரு வரியை அடிக்கும் மனம் வேண்டும்.

அத்தாய்க்காகப் பட்டியலில் ஓரிடத்தை நீக்கி, கடற்கரையில் ஒரு மணி நேரம் நிற்கும் மகன், பயணத்தில் எதையும் இழந்தவன் ஆகான். தன் வழியைத் தானே வகுப்பது உரிமை. உடன் வருவோரும் அதனை வகுக்க இடமளிப்பதே அவ்வுரிமைக்குரிய அறம்.